சாரின் கைராசிக் குப்பி

எங்கள் பழைய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன மாதம் ஒரு பெண் கூப்பிட்டாள். நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த அதே செல் வளர்ப்புக் கூடத்தில் இப்போது அவள் டெக்னீஷியன். செல்களில் கிருமி புகுந்திருக்கிறதா என்று பார்க்கப் புதிதாக ஒரு கிட் வந்திருக்கிறதாம். காலையில் சொட்டு விட்டால் மத்தியானச் சோற்றுக்குள் பதில் தெரிந்துவிடுமாம்.

"உங்க காலத்துல இதொக்க எப்படிச் செஞ்சீங்க சேச்சி? புது ஆளுகளுக்காக ஒண்ணு எழுதித் தரணும். கொஞ்சம் இன்ஸ்பயரிங்கா இருந்தா நல்லது, கேட்டோ" என்றாள் மலையாளம் கலந்த தமிழில்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்ஸ்பயரிங்காக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

என் பேர் வசந்தா. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா ஃபாக்டரியில் இலை வாட்டினார். விலங்கியல் படித்து, லேப் டிப்ளமா முடித்து, மலையிறங்கித் திருவனந்தபுரம் வந்தேன். தற்காலிகமாக ஆறு வருஷம், நிரந்தரமாக இருபத்தைந்து வருஷம். படிப்புக் கதை இவ்வளவு போதும். அதில் எனக்கு உபயோகப்பட்டது மூன்று பக்கம்கூட இருக்காது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகலத்தில் தட்டையான பிளாஸ்டிக் குப்பி. அதன் அடியில் மனிதத் தோலிலிருந்து எடுத்த செல்கள் ஒட்டிக்கொண்டு வளரும். மேலே ரோஜா நிறத்தில் ஒரு திரவம் நிற்கும், அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. உடம்புச் சூடு வைத்த அலமாரிக்குள் குப்பிகளை அடுக்க வேண்டும். திரவம் மஞ்சளடித்தால் மாற்ற வேண்டும். செல்கள் பெருகி இடம் போதாமல் போனால் பிரித்து வேறு குப்பிக்குக் குடியேற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, ஓணம், ஹர்த்தால் எதுவும் செல்களுக்குத் தெரியாது. ஹர்த்தால் அன்று ஸ்கூட்டரை மறித்த பையன்களிடம் "உள்ளே உயிருக்குச் சோறு போடணும் மோனே" என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி என்று நினைத்து வழிவிட்டார்கள்.

குப்பியைத் திறப்பது ஹூட் என்கிற மேடையில். சுத்தமான காற்று மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கையில் உறை, முகத்தில் மாஸ்க், எல்லாவற்றிலும் ஸ்பிரிட். திறந்த குப்பிக்கு மேலே கை போகக் கூடாது. வாய் திறக்கவே கூடாது. நம் வாயில் குடியிருக்கிற கிருமிகள் நமக்கு ஒன்றும் செய்யாது, செல்லுக்கு எமன். ஆகவே ஹூட் முன்னால் உட்கார்ந்தால் நான் ஊமை. வீட்டுக்காரர் இந்த மேடையை வீட்டிலும் ஒன்று போட முடியுமா என்று கேட்டதுண்டு.

இனி சார். பேரைச் சொல்ல மாட்டேன், ஓய்வு பெற்று நிம்மதியாக இருக்கிறார். இதே ஊரில் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துத் தமிழர், வெளிநாட்டில் படித்தவர், எங்கள் பிரிவுக்குத் தலைவர். அவர் ஆராய்ந்த விஷயம், உயிருள்ள செல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது. செல்லுக்கு வாய் கிடையாது. ஒரு செல் ஏதோ ஒரு பொருளை வெளியே விடும். அந்தப் பொருள் வந்து பொருந்துவதற்கென்றே அடுத்த செல்லின் மேல் ஓர் இடம் இருக்கும். பொருந்தினால் சேதி உள்ளே போகும். வளர், நில், பிரிந்துகொள், காயம் பட்டிருக்கிறது ஓடி வா. இந்தப் பேச்சு ஒழுங்காக நடக்கிற வரைக்கும் நாம் நடமாடுகிறோம். பேச்சைக் கேட்காத செல் தன்பாட்டுக்குப் பெருகிக்கொண்டே போனால் அதற்குப் பேர் புற்றுநோய்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் எங்களோடு பேச மாட்டார். சேதி எல்லாம் சீட்டில் வரும், அதுவும் இங்கிலீஷில், மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல. 'டெக்னீஷியன் இதைக் கவனிக்கவும்.' டெக்னீஷியன் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். கவனித்துவிட்டு அதே சீட்டின் அடியில் 'கவனிக்கப்பட்டது' என்று எழுதித் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் வைக்க முடியாத காரியம் ஏதாவது இருந்தால் மட்டும் என்னோடு தமிழில் பேசுவார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னோடு பேசிய தமிழை ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம்.

விருந்தாளிகள் வந்தால் கதையே வேறு. டெல்லிக் கமிட்டியோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளோ, யார் வந்தாலும் நேரே எங்கள் கூடத்துக்கு அழைத்து வருவார். ஹூட் முன்னால் உட்கார்ந்து, ஒரு குப்பியைத் திறந்து, தலையை உள்ளே நீட்டிப் பிரசங்கம் ஆரம்பிப்பார். மாஸ்க் போட்டால் குரல் கேட்காது என்று போட மாட்டார். "செல்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. நாம்தான் கேட்பதில்லை" என்பார். நான் ஸ்பிரிட் பாட்டிலோடு பின்னால் நிற்பேன். சார், மாஸ்க் என்று சொல்ல நாக்கு வரை வரும். பூனைக்கு மணி கட்ட எனக்கென்ன தலையெழுத்து என்று விழுங்கிவிடுவேன். பிரசங்கம் முடிந்ததும் அந்தக் குப்பியைக் குப்பையில் போடுவதுதான் முறை. ஆனால் அது சார் கைபட்ட குப்பி. யார் போடுவது? மூடியில் சிவப்புப் புள்ளி வைத்து, அலமாரியில் தனித் தட்டு ஒதுக்கி, தனித் திரவம் ஊற்றி, அதிலிருந்து பிரித்தது, அதிலிருந்து பிரித்தது என்று வம்சம் முறியாமல் வளர்த்தோம். அடுத்த விருந்தாளிக்கும் அதையே திறப்பார்.

இங்கே கைராசி என்ற விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். செல் வளர்ப்பவர்களிடம் அதில் நம்பிக்கை இல்லாத ஆள் கிடையாது. ஒரே திரவம், ஒரே அலமாரி, ஒருத்தர் கையில் செல் கொழிக்கும், இன்னொருத்தர் கையில் சுருண்டுகொள்ளும். சார் மேடையில் பேசும்போது விஞ்ஞானம், கூடத்துக்குள் கைராசி.

ஜெபா என்ற பெண் ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து சேர்ந்தாள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டுகிற இடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். அவள் படித்தது முழுக்க மலையாளத்தில், வீட்டில் தமிழ், என்னோடு இரண்டையும் பிசைந்து பேசுவாள். சார் அவளுக்குக் கொடுத்த வேலை இது. குப்பியின் அடியில் பாய் விரித்தாற்போல இருக்கிற செல்களைப் பிளாஸ்டிக் முனையால் ஒரு கீறல் கீற வேண்டும். ஒரு நாள் கழித்து மேலே நிற்கும் திரவத்தை எடுத்து, வடிகட்டி, கீறல் படாத வேறு செல்களின் மேல் ஊற்ற வேண்டும். காயம்பட்ட செல் அபாயச் சேதி அனுப்பியிருந்தால் அது திரவத்தில் இருக்கும். சேதி கேட்ட செல்கள் பதறிப்போய் ஒரு பொருளைச் சுரக்கும். அதை ஒரு தட்டில் சோதித்தால் மஞ்சள் நிறம் ஏறும். மஞ்சள் ஏறினால் சேதி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

ஜெபா முதலில் எங்கள் சாதாரணக் குப்பியைக் கீறிப் பார்த்தாள். மஞ்சள் ஏறவில்லை. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் இல்லை. சீட்டு வந்தது: 'மாணவியின் கை இன்னும் பழக வேண்டும்.' பிறகு சிவப்புப் புள்ளிக் குப்பியைக் கீறினாள். தட்டு முழுக்க மஞ்சள், மாம்பழக் கடை மாதிரி. சார் அன்று கூடத்துக்கே வந்து சிரித்தார். "நான் ஆரம்பிச்ச வம்சம் அதுதான். அதையே கீறு. கீறாம ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு மத்த குப்பி இருக்கோன்னோ" என்றார்.

இரண்டு வருஷம் அப்படியே நடந்தது. சிவப்புப் புள்ளியைக் கீறுவது, மற்றதைக் கீறாமல் வைத்து ஒப்பிடுவது. சிவப்புப் புள்ளிக் குப்பியைக் கீறாமல் அதன் திரவத்தை ஊற்றிப் பார்த்திருந்தால் ஒரே நாளில் குட்டு உடைந்திருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றுகிற யோசனைதான். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாரின் குப்பியைச் சும்மாவா வீணடிப்பது? கட்டுரை வெளிவந்தது. காயம்பட்ட செல்லின் ஓலத்தைக் கண்டுபிடித்த மனிதர் என்று சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜெபாவுக்கு ஜெர்மனியில் ஓரிடம் கிடைத்தது, ஆய்வேட்டை அந்த மாதக் கடைசிக்குள் சமர்ப்பித்துவிட்டு வந்தால் வேலை தயார். அவள் அப்பா என்னைப் பார்க்க வந்து, காயத் தழும்பு நிறைந்த கையால் ஒரு சீப்பு ரசகதலிப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது என் யோக்கியதை. மைக்கோப்ளாஸ்மா என்று ஒரு கிருமி. மற்ற கிருமி புகுந்தால் திரவம் கலங்கும், கண்ணுக்குத் தெரியும். இது கலக்காது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. நாங்கள் வைத்திருந்த வடிகட்டியிலும் நழுவி வந்துவிடும். ஒரு சாயத்தைச் சேர்த்து, இருட்டறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் பிடிபடும். மாதம் ஒருமுறை பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. சாயம் தீர்ந்துபோனது. வாங்கித் தரச் சொல்லி எழுதினேன். 'இதுவரை கிருமி வந்திருக்கிறதா? வராதபோது தேவை என்ன?' என்று சீட்டு வந்தது. இரண்டாவது முறை எழுதினேன், சீட்டே வரவில்லை. ஆனால் ஆடிட் வரும்போது கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு மாதமும் அழகான கையெழுத்தில் 'நெகட்டிவ்' என்று எழுதினேன். இருபத்தாறு மாதம். பார்க்காத கிருமி இல்லாத கிருமிதானே?

ஆய்வேட்டின் அட்டைக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்று ஜெபாவுக்கு ஆசை. அந்தச் சாயத்தில் செல்லின் உட்கரு நீலமாக ஜொலிக்கும். மேல்மாடியில் வேறொரு பிரிவில் கொஞ்சம் கடன் வாங்கி வந்து, சிவப்புப் புள்ளிக் குப்பியிலிருந்து எடுத்த செல்லுக்குப் போட்டிருக்கிறாள். நான் ஸ்பிரிட் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"சேச்சி, ஒண்ணு வந்து பாக்குமோ?"

இருட்டறைக்குள் போய்க் கண்ணை வைத்தேன். உட்கரு ஒவ்வொன்றும் நீல வட்டமாக இருந்தது. சுற்றிலும் கும்மிருட்டாக இருக்க வேண்டும். இல்லை. கோலமாவு சிந்தினாற்போல எங்கு பார்த்தாலும் பொடிப்பொடிப் புள்ளிகள். மைக்கோப்ளாஸ்மா. சேதி சொன்னது காயம்பட்ட செல் இல்லை. கிருமி திரவத்தோடு போய் அடுத்த செல்லைக் கடித்திருக்கிறது, அது அலறியிருக்கிறது. அந்த அலறலுக்குத்தான் பொன்னாடை.

ஜெபாவுக்கும் புரிந்துவிட்டது. அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் புத்திசாலிப் பெண், நேராக ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தாள்.

"சேச்சி, போன மாசம் நெகட்டிவ். அதுக்கு முந்தின மாசமும் நெகட்டிவ். மொத்தமும் நெகட்டிவ்தான் எழுதியிருக்கு. அப்போ இது இந்த மாசம் புதுசா வந்தது, அல்லே? பழைய ரிசல்ட் ஒண்ணுக்கும் குழப்பமில்ல, அல்லே?"

அல்லே, அல்லே என்று அவள் கேட்டது இப்போதும் காதில் நிற்கிறது. நான் ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும். ஆய்வேடு போகும், ஜெர்மனி போகலாம், சாரின் பொன்னாடை கசங்காது, எட்டு மாதத்தில் நானும் ஓய்வு பெற்று மாலையோடு வீட்டுக்குப் போகலாம். எல்லாருக்கும் நல்லது செய்கிற பொய் வாழ்க்கையில் எத்தனை முறை கிடைக்கும்? என் வாயில் அந்த ஆமாம் வந்து உட்கார்ந்தேவிட்டது.

ஜெர்மனியில் முதல் வாரமே அவள் கொண்டுபோகிற குப்பியைச் சோதிப்பார்கள் என்று நினைத்தேன். அங்கே, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில், இந்த இருட்டறையை அவள் மறுபடியும் பார்ப்பாள், தனியாக. அந்த நினைப்பு என்னை உலுக்கியது.

"இல்ல ஜெபா. நான் பாக்கவே இல்ல. சாயம் இல்ல. சும்மா எழுதினேன்."

"எத்தன மாசமா?"

"இருபத்தாறு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பதிவேட்டை மூடி என் கையில் வைத்தாள். "என் அப்பா கட்டின கம்பிய இன்ஜினியர் தட்டிப் பாக்காம கான்கிரீட் போட மாட்டாரு. தட்டாம ஓக்கேன்னு எழுதினா ஜெயிலு. நீங்க ஏன் சேச்சி..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. எனக்குத் தெரிந்த வேலையைச் சொன்னேன். "நைட்ரஜன் தொட்டியில மாசாமாசம் உறைய வச்ச செல் இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்போம்."

நான்கு நாள் பார்த்தோம். சிவப்புப் புள்ளி வம்சத்தின் முதல் மாதத்துச் செல்கள் சுத்தம். டெல்லிக் கமிட்டிக்குப் பிரசங்கம் நடந்த அடுத்த மாதத்திலிருந்து புள்ளிகள். எங்கள் சாதாரணக் குப்பிகள் எல்லாம் சுத்தம். இதில் எங்கள் திறமை ஒன்றுமில்லை. சாருக்குக் காட்டிய மரியாதை காப்பாற்றியது. தனித் தட்டு, தனித் திரவம் என்று வைத்திருந்தோம் அல்லவா, கிருமிக்கு வெளியே வர வழியே இல்லை. எந்த வகைக் கிருமி என்று வேறொரு ஊருக்கு அனுப்பிக் கேட்டோம். மனித வாயில் குடியிருக்கிற வகை என்று பதில் வந்தது. எங்கள் கூடத்தில் திறந்த குப்பிக்கு மேல் வாய் திறந்தவர் ஒரே ஒருவர்தான்.

நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு சாரின் மேஜையில் வைத்தேன். சீட்டு வரவில்லை. ஆளே வந்தார்.

"வசந்தா, உக்காந்துக்கோ."

அத்தனை வருஷத்தில் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன்.

"பதிவேட்டுல நீ எழுதினது எல்லாம் பொய்னு ஆச்சுன்னா யாருக்குக் கஷ்டம்? ஒனக்குத்தான். இன்னும் எட்டு மாசம். என்னத்துக்கு வம்பு? அந்தக் குப்பிகளைக் கொட்டிடு. புது செல் எடு. அந்தப் பொண்ணு ஆய்வேட்டைக் குடுத்துட்டு நல்லபடியாக் கெளம்பட்டும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சார், அவ எழுதுனது தப்புன்னு ஆயிருமே?"

"தப்பு என்ன தப்பு? செல் பேசித்து. நாம எழுதிண்டோம்."

"பேசுனது செல் இல்ல சார். உங்க வாயில இருந்து விழுந்தது."

சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் ஹூட் முன்னால் மூடி வைத்த வாய், திறக்கிற நேரத்தில் அளவு தெரியவில்லை. சார் எழுந்து போனார். மறுநாள் எனக்கு மெமோ வந்தது: பொய்ப் பதிவு செய்ததற்கு விளக்கம் தரவும். தந்தேன். 'கவனிக்கப்பட்டது' என்று திரும்பி வந்தது. அவர் கட்டுரை இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறது. பிற்பாடு அவர் ஊர் ஊராகப் போய், செல் வளர்ப்பில் தூய்மையின் அவசியம் என்ற தலைப்பில் பேசினார் என்று கேள்வி. நல்ல கூட்டமாம். மாஸ்க் போட்டுக்கொண்டு பேசினாரா என்று தெரியவில்லை.

ஜெபா ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. சுத்தமான செல்லைக் கீறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மஞ்சள் ஏறவேயில்லை. ஜெர்மனியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போய்ச் சேர்ந்தார். அவள் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். என் பிரிவுபசாரத்தன்று மாலை போட்டார்கள், ஆளுயரக் கடிகாரம் கொடுத்தார்கள், சார் என் சேவையைப் பற்றி ஆறு நிமிஷம் பேசினார். ஜெபா கடைசி வரிசையில் நின்றாள், முடிவதற்கு முன்னால் போய்விட்டாள். எனக்குக் கோபமில்லை. வலித்தது, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று ஆறு மாதம் கழித்து அவள் ஃபோன் வந்தது. ஒரு கிருமி எப்படிச் செல்லின் பேச்சு மாதிரி நடித்து எல்லாரையும் ஏமாற்றியது என்பதையே ஆய்வேடாக எழுதி முடித்திருந்தாள். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி, பதிவேட்டில் இருபத்தாறு மாதத்து 'நெகட்டிவ்' சோதிக்காமல் எழுதியது, எழுதிய டெக்னீஷியன் வசந்தா தாமாகவே இதைத் தெரிவித்தார் என்று.

"சார் அந்தப் பேர எடுக்கச் சொல்றாரு சேச்சி. ஆய்வேட்டுல ஆள் பேர் வேண்டாம்னு. எடுத்துரட்டா? உங்களுக்கு நாணக்கேடா இருந்தா எடுத்துருவேன்."

அவமானம்தான். அக்கம்பக்கத்தில் யார் படிக்கப் போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எனக்குத் தெரியுமே.

"எடுக்காத ஜெபா. அப்படியே இருக்கட்டும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சாப்பிட்டீங்களா சேச்சி?" என்று கேட்டாள். அந்த இருட்டறைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அது. ஆச்சு என்று மட்டும் சொன்னேன்.

நான் வளர்த்த செல்களை வைத்துச் சார் எத்தனையோ கட்டுரைகள் எழுதினார். எதிலும் என் பேர் இல்லை. இதில் இருக்கிறது. பொய் எழுதியவள் என்று இருக்கிறது, அதைத் தானே ஒப்புக்கொண்டவள் என்றும் இருக்கிறது. இரண்டும் நான்தான்.